கையால் ஓட்டும் பிளஞ்ச் ரூட்டர்: அழுத்திப் பார்த்து வாங்க ஒரு முழு வழிகாட்டி

பல்லாங்குழிப் பலகை ஒன்றை எடுத்துப் பாருங்கள். 14 குழிகள். ஒன்றுகூடப் பலகையின் ஓரத்தைத் தொடுவதில்லை. ஓரத்திலிருந்து உள்ளே நுழைய வழியே இல்லாத வேலை இது. சுழலும் பிட்டை, அதாவது வெட்டும் அலகை, பலகையின் நடுவில் நேராக இறக்கி, வேண்டிய ஆழம் தோண்டி, அதே வழியில் நேராக மேலே எடுக்க வேண்டும். அலமாரிப் பலகையில் ஓரத்துக்கு ஓர் அங்குலம் முன்பே நின்றுவிடும் காடி (நீளமான பள்ளம்), கதவுச் சட்டத்தில் பூட்டுக்கான பள்ளம், இன்னொரு சட்டத்தின் நுனியில் செதுக்கிய கழுந்து நுழையும் துளை, அஞ்சறைப் பெட்டியின் அறைகள் எல்லாம் இதே குடும்பம்தான்.

இந்த ‘இறக்கி எடுக்கும்’ வேலைக்காகப் பிறந்ததே பிளஞ்ச் ரூட்டர் என்ற மரம் வெட்டும் மின்கருவி. மோட்டாரை இரண்டு தூண்களில் மாட்டி, ஸ்பிரிங் வைத்து, கீழே அழுத்தினால் இறங்கவும் விட்டால் ஏறவும் செய்த இந்த வடிவத்தை, 1950 வாக்கில் சந்தைக்குக் கொண்டுவந்தது ஜெர்மனியின் ஏலு நிறுவனம். 1984இல் ஏலுவை பிளாக் அண்ட் டெக்கர் வாங்கியது. பிற்பாடு டிவால்ட் பெயரில் வந்த டிடபிள்யூ625, அந்தப் பழைய ஏலு வடிவத்தின் நேர் வாரிசு. இத்தனை வருடங்களில் மோட்டார் மாறியது, மின்னணுச் சுற்று வந்தது. இரண்டு தூண், ஸ்பிரிங், பூட்டு, ஆழம் நிறுத்தும் கம்பி என்ற அந்த எலும்புக்கூடு மாறவே இல்லை.

கடையில் ரூட்டர் கேட்டால் முதலில் வாட் கணக்கைத்தான் சொல்வார்கள். கையால் பிடித்து ஓட்டுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது வாட் அல்ல, இறக்கம். மோட்டார் எவ்வளவு சீராக இறங்குகிறது, நிறுத்திய இடத்தில் நிற்கிறதா, இறங்கிய நிலையில் ஆடுகிறதா என்பதில்தான் காடியின் சுவர் நேராக வருவதும் கோணலாவதும் இருக்கிறது. இந்த வழிகாட்டி முழுவதும், ரூட்டரைத் தலைகீழாக மாட்டிவைக்கும் ரூட்டர் டேபிள் இல்லாத, பலகையின் மேல் வைத்து இரண்டு கையாலும் ஓட்டுகிற வேலைக்கானது.

படி 1: அடுத்த ஒரு வருட வேலையைத் தாளில் எழுதுங்கள்

மாதிரியைப் பார்க்கும் முன் வேலையைப் பாருங்கள். சன்மைக்கா ஒட்டிய பிளைவுட்டின் ஓரம் சீவுவது, சின்ன வளைவு போடுவது, கீலுக்குக் கால் அங்குலத்துக்கும் குறைவான பள்ளம் எடுப்பது. உங்கள் பட்டியலில் பெரும்பகுதி இதுதான் என்றால் பிளஞ்ச் ரூட்டரே வேண்டாம், சின்ன ரூட்டரான டிரிம்மர் போதும். ஒரு கையால் பிடிக்கலாம், விலையும் குறைவு. டிரிம்மருக்கே தனியாக பிளஞ்ச் பேஸ் (இறக்கி ஏற்றும் அடிப்பாகம்) வாங்கி மாட்டுகிற வசதியும் உண்டு. 710 வாட் உள்ள மக்கிட்டா ஆர்டி0700சி அப்படிப்பட்டது. எப்போதாவது ஒரு பூட்டுப் பள்ளம், ஒரு பெயர்ப்பலகை என்று செய்பவருக்கு அது உண்மையாகவே நல்ல வழி.

பட்டியலில் அலமாரிக் காடி, கழுந்துத் துளை, டெம்ப்ளேட் (வடிவம் வெட்டிய மாதிரிப் பலகை) வைத்து ஒரே வடிவத்தைப் பலமுறை வெட்டுவது, ஊஞ்சல் பலகைக்குக் கனமான ஓர வளைவு என்று வந்தால் பிளஞ்ச் ரூட்டர் தேவை. ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் இரண்டு எண் எழுதுங்கள்: எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம். நம் ஆட்கள் நூல் கணக்கில் சொல்வார்கள். ஒரு நூல் என்றால் அரைக்கால் அங்குலம், 3 மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். ரூட்டரின் அளவுகோல் மில்லிமீட்டரில் இருக்கும் என்பதால் இப்போதே மாற்றி எழுதிவிடுங்கள். பின்னால் குழப்பம் வராது.

படி 2: எடையைத் தீர்மானியுங்கள்

சந்தையில் உள்ள பிளஞ்ச் ரூட்டர்களை மேசையில் வரிசையாக வைத்தால் இரண்டு கூட்டமாகப் பிரியும்.

நடுத்தரக் கூட்டம் 900 முதல் 1400 வாட் வரை, ஏறக்குறைய மூன்று கிலோ. மக்கிட்டா ஆர்பி0900 என்பது 900 வாட், 2.7 கிலோ, 35 மி.மீ. இறங்கும், 27,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) என்ற ஒரே வேகம். அதே நிறுவனத்தின் ஆர்பி1110சி 1100 வாட், 57 மி.மீ. இறங்கும், வேகத்தை 8,000 முதல் 24,000 வரை மாற்றலாம். போஷ் ஜிஓஎஃப் 130 என்பது 1300 வாட், 3.5 கிலோ, வேகம் 11,000 முதல் 28,000.

பெரிய கூட்டம் 1600 வாட்டுக்கு மேல், ஐந்து ஆறு கிலோ. மக்கிட்டா ஆர்பி1800 என்றால் 1850 வாட், ஆறு கிலோ, 70 மி.மீ. இறக்கம், 22,000 ஆர்பிஎம் ஒரே வேகம். கதவு நிலை செய்யும் பட்டறைகளில் இந்த வகையைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். 4 அங்குலச் சட்டத்தில் நாள் முழுக்கத் துளை எடுக்கிறவர்களுக்கு அது சரி.

கையில் பிடித்து ஓட்டுவதற்கு என் தேர்வு நடுத்தரக் கூட்டம். காரணம் கை வலி மட்டுமல்ல. பலகையின் ஓரத்தில் வளைவு போடும்போது ரூட்டரின் அடித்தட்டில் பாதிதான் மரத்தின் மேல் இருக்கும், மீதிப் பாதி காற்றில் நிற்கும். மோட்டாரின் கனம் மேலே உயரத்தில் இருக்கிறது. ஆறு கிலோ இயந்திரம் ஓரத்தில் ஒரு நூல் சாய்ந்தாலே போதும், வளைவில் ஒரு வெட்டு விழுந்துவிடும். அதை உப்புத்தாள் போட்டுச் சரிசெய்ய முடியாது. மூன்றரைக் கிலோ இயந்திரத்தை உள்பக்கக் கைப்பிடியால் அழுத்திச் சமாளிக்கலாம். பெரியதை வாங்கினால் எல்லாம் செய்யலாம் என்ற எண்ணத்தில் கனமானதை வாங்கி, ஓர வேலைக்குப் பயந்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டவர்கள் நிறையப் பேர்.

நடுத்தரத்திலும் இறக்க அளவைக் கவனியுங்கள். காடிக்கும் குழிக்கும் 35 மி.மீ. தாராளம். தடிமனான சட்டத்தில் ஆழமான கழுந்துத் துளை எடுப்பவருக்கு 50 மி.மீ.க்கு மேல் வேண்டும்.

படி 3: கோலெட்

பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் சிறு எஃகுக் குழாய்தான் கோலெட். ரூட்டரில் இதைவிட முக்கியமான பாகம் கிடையாது. இங்கே கிடைக்கும் பிட்டுகளின் தண்டு 6 மி.மீ., 6.35 மி.மீ. (கால் அங்குலம்), 8 மி.மீ., 12 மி.மீ., 12.7 மி.மீ. (அரை அங்குலம்) என்று ஐந்து விதமாக வரும். 6உம் 6.35உம், 12உம் 12.7உம் ஒன்றைப் போலவே ஒன்று இருக்கும். கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது.

இதில் நான் பட்டது ஒன்று. தேக்குக் கதவுப் பலகையில் அலங்காரக் கோடு எடுத்துக்கொண்டிருந்தேன். கால் அங்குலம் என்று சொல்லிக் கடையில் கொடுத்த பிட். நட்டை இறுக்கினேன், இறுகியது போலத்தான் இருந்தது. இரண்டடி தூரம் போனதும் சத்தம் கனத்தது. நிறுத்திப் பார்த்தால், 4 மி.மீ. ஆழத்தில் தொடங்கிய கோடு போகப் போக ஆழமாகி, கடைசியில் 9 மி.மீ. ஆகியிருந்தது. பிட் கோலெட்டிலிருந்து வழுக்கி இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. வெர்னியர் அளவுகோலில் வைத்துப் பார்த்தேன்: தண்டு 6 மி.மீ. வெறும் 0.35 மி.மீ. வித்தியாசம். பலகை போனது. அந்த பிட் கழன்று வெளியே பறக்காதது என் நல்ல காலம்.

அதிலிருந்து எந்த புது பிட்டையும் வெர்னியரால் அளக்காமல் மாட்டுவதில்லை. 6 மி.மீ. தண்டுக்கு 6 மி.மீ. கோலெட், 6.35க்கு 6.35. 12க்கும் 12.7க்கும் இதே விதி. நீங்கள் வாங்கும் இயந்திரத்தோடு எந்தக் கோலெட் வருகிறது, மற்ற அளவு தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு, பெட்டியைத் திறந்து பார்த்து வாங்குங்கள்.

எது நல்லது? தண்டின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் மடங்கில் கூடும். கால் அங்குலத் தண்டைவிட அரை அங்குலத் தண்டு 16 மடங்கு விறைப்பு. கால் அங்குலத்தைவிட 8 மி.மீ.யே இரண்டரை மடங்கு. பிட் வளையாமல் அதிராமல் ஓடினால் காடியின் சுவர் வழுவழுப்பாக வரும். கையால் ஓட்டுகிற நடுத்தர இயந்திரத்துக்கு 8 மி.மீ. கோலெட் பிரதானமாகவும், கடையில் எளிதில் கிடைக்கும் பிட்டுகளுக்காகக் கால் அங்குலக் கோலெட் துணையாகவும் இருப்பது நல்ல கூட்டு.

படி 4: கடையில் கையில் எடுத்துச் சோதியுங்கள்

இணையத்தில் விலை பார்க்கலாம். ஆனால் ஒருமுறையாவது அதே மாதிரியைக் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். பத்து நிமிடம் போதும். ஒரு மூலை மட்டமும், கோலெட் அளவுக்கு நேரான எஃகுக் கம்பி ஒன்றும் பையில் எடுத்துப் போங்கள். பிளக் மாட்டாமல் செய்யும் சோதனைகள்தான் எல்லாம்.

ரூட்டரை மேசையில் வைத்து, பூட்டைத் தளர்த்தி, இரண்டு கையாலும் மெதுவாக அடிவரை அழுத்துங்கள். எண்ணெய் விட்ட கீல் போல ஒரே சீராக இறங்க வேண்டும். திக்கித் திக்கி இறங்கினால் வேண்டாம். அடுத்து ஒரு கைப்பிடியை மட்டும் அழுத்துங்கள். எந்த ரூட்டரும் கொஞ்சம் தயங்கும். தயங்கிய பின் ‘டக்’ என்று குதித்து இறங்குவதுதான் ஆகாது. மரத்தில் பிட் நுழையும் நேரத்தில் அந்தக் குதிப்பு வந்தால் காடியின் தொடக்கம் கிழியும். ஸ்பிரிங்கின் முரட்டுத்தனத்தையும் பாருங்கள். மிகக் கடினமான ஸ்பிரிங் என்றால் ஆழத்தைப் பிடித்து நிறுத்தவே உங்கள் பலம் போய்விடும்.

பாதி ஆழத்தில் பூட்டிவிட்டு, உடம்பின் கனத்தைப் போட்டு அழுத்துங்கள். ஒரு இம்மி இறங்கினாலும் பூட்டு சரியில்லை. பூட்டின் நெம்பு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். கைப்பிடியை விடாமலே விரலுக்கு எட்ட வேண்டும். என் விரல் குட்டை. அகலமாகக் கைவைத்த சில பெரிய ரூட்டர்களில் எனக்கு எட்டவில்லை. இது உங்கள் கையை வைத்து நீங்களே பார்க்க வேண்டியது.

இறக்கிப் பூட்டிய நிலையில் மோட்டாரின் தலையைப் பிடித்து இடவலமாக ஆட்டுங்கள். தூணுக்கும் அது நுழைந்து நகரும் புஷ் என்ற குழாய்க்கும் இடையே ஆட்டம் தெரிந்தால், அதே ஆட்டம் காடியின் சுவரில் அலையாகத் தெரியும். பிறகு கொண்டுபோன கம்பியைக் கோலெட்டில் மாட்டி, அடித்தட்டின் மேல் மூலை மட்டத்தை நிறுத்தி, கம்பியோடு சேர்த்துப் பாருங்கள். ஒரு திசையில் மட்டும் அல்ல, அதற்குக் குறுக்குத் திசையிலும். இரண்டிலும் ஒளிக்கீற்று சமமாக இருக்க வேண்டும். கம்பியைக் கையால் மெல்லச் சுற்றினால் முனை வட்டமடிக்கக் கூடாது.

ஆழம் நிறுத்தும் கம்பி, படிப்படியாக உயரம் மாறும் சுழல்தட்டில் வந்து இடிக்கும். அந்தச் சுழல்தட்டு ஒவ்வொரு படியிலும் ‘கிளிக்’ என்று உட்கார வேண்டும். கம்பியின் திருகை இறுக்கும்போது கம்பி நகர்கிறதா என்று பாருங்கள். மலிவான இயந்திரங்களில் இறுக்குகிறபோதே அரை மில்லிமீட்டர் ஓடிவிடும். மயிரிழை அளவு மாற்ற நுண்திருகு இருந்தால் பெரிய உதவி.

கடைசியாக ஸ்விட்ச். இரண்டு கையும் கைப்பிடியில் இருக்கும்போதே போடவும் அணைக்கவும் முடிய வேண்டும். அணைப்பதற்காக ஒரு கையை எடுத்து மோட்டாரின் தலைக்குக் கொண்டுபோக வேண்டிய அமைப்பு கைவேலைக்கு ஆபத்து.

படி 5: வேகம்

ரூட்டரின் வேகத்தை மாற்ற முடிவது ஆடம்பரம் அல்ல. ஒரு கணக்குப் பாருங்கள். 12 மி.மீ. பிட் 22,000 ஆர்பிஎம்மில் சுழலும்போது அதன் விளிம்பு மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 50 மி.மீ. பிட் அதே ஆர்பிஎம்மில் சுழன்றால் விளிம்பின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். அந்த வேகத்தில் மரம் கருகும், பிட் அதிரும், கைப்பிடி உதறும். 25 மி.மீ. விட்டம் வரை முழு வேகம், 50 மி.மீ. வரை 18,000, அதற்கு மேல் 12,000 முதல் 16,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிட்டின் உறையில் அதற்கும் குறைவான உச்ச வேகம் போட்டிருந்தால் அதுவே சட்டம்.

ஆகவே ஒரே வேக இயந்திரம் வாங்குகிறவர் சிறிய பிட்டோடு நிற்க வேண்டும். ஆர்பி0900 வாங்கிவிட்டு அதில் அகலமான பிட் மாட்டக் கூடாது. கொஞ்சம் கூடப் போட்டு வேகம் மாற்றும் மாதிரி எடுப்பதே நல்லது. அதோடு மெதுவாக வேகமெடுக்கும் சாஃப்ட் ஸ்டார்ட்டும் இருந்தால், ஸ்விட்ச் போட்டதும் இயந்திரம் கையைத் திருகி உதறாது. கையில் பிடித்து ஓட்டுகிறவருக்கு முதல் நொடியில் வரும் அந்த உதறல்தான் மிகப் பெரிய தொல்லை.

படி 6: வீட்டு மின்சாரம் தாங்குமா?

230 வோல்ட்டில் 1850 வாட் இயந்திரம் ஓடினால் 8 ஆம்பியர் இழுக்கும். வீட்டின் சாதாரண 6 ஆம்பியர் சாக்கெட் அதற்குத் தாங்காது, 16 ஆம்பியர் பவர் பாயின்ட் வேண்டும். 1300 வாட் என்றால் 5.7 ஆம்பியர், விளிம்பில் நிற்கிறது. 900 வாட் என்றால் 4 ஆம்பியருக்குள். மொட்டை மாடியில் வேலை செய்ய மெல்லிய ஒயரில் செய்த எக்ஸ்டென்ஷனை இழுத்தால் வழியிலேயே வோல்ட் குறையும், மோட்டார் சூடேறும். 1.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்புக் கம்பியில், எர்த்தோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். சுருட்டி வைத்தபடியே ஓட்டாமல் முழுவதும் விரித்துப் போடுங்கள்.

படி 7: கூட வருவதும் வாங்க வேண்டியதும்

பலகையின் ஓரத்தை ஒட்டி ஓடும் பக்க வழிகாட்டி பெட்டியிலேயே வர வேண்டும். அதன் இரண்டு கம்பிகளும் வளையாத தடிமனில் இருக்க வேண்டும். டெம்ப்ளேட்டின் ஓரத்தை ஒட்டி ஓடும் கைடு புஷ் வளையம் மாட்ட அடித்தட்டில் இடம் இருக்கிறதா, அந்த வளையங்கள் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். டெம்ப்ளேட் வேலை முழுக்க அதை நம்பியே இருக்கிறது. தூசி உறிஞ்சும் குழாய் மாட்டும் வாய் அவசியம். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிசெய்து வகைப்படுத்தியிருக்கிறது. எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) தூள் இன்னும் நுண்ணியது. முகத்தில் கட்டும் துண்டு அதைத் தடுக்காது, என்95 முகக்கவசம் போடுங்கள்.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, மோட்டாரில் தேய்ந்து மாற்ற வேண்டிய கார்பன் பிரஷ் கிடைக்குமா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஒரு ஜோடி பிரஷ்ஷுக்காக மாதக்கணக்கில் காத்திருப்பதைவிடக் கொஞ்சம் விலை கூடிய இயந்திரம் மேல்.

பிட்டுக்கு வருவோம். முப்பது பிட் அடங்கிய மரப்பெட்டி பார்க்க அழகாக இருக்கும். வாங்காதீர்கள். அதில் ஐந்தைத்தான் பயன்படுத்துவீர்கள், அந்த ஐந்தும் சீக்கிரம் மழுங்கும். அந்தப் பணத்தில் நல்ல கார்பைட் பிட் நான்கு வாங்குங்கள்: 6 மி.மீ. நேர் பிட், 12 மி.மீ. நேர் பிட், பேரிங் வைத்த 6 மி.மீ. ஆர வளைவு பிட், பேரிங் வைத்த ஓரம் சீவும் பிட். தேக்கில் மணற்சத்து இருக்கிறது. சாதாரண ஹைஸ்பீடு எஃகு பிட்டின் முனையை அது வெகு விரைவில் தின்றுவிடும், கார்பைட்தான் தாங்கும்.

நேர் பிட் வாங்கும்போது அதன் அடி முனையைத் திருப்பிப் பாருங்கள். நடுமையம் வரை வெட்டும் முனை இருக்க வேண்டும். இல்லாத பிட் பக்கவாட்டில் வெட்டும், நேராக இறக்கினால் வெட்டாது. நடுவில் ஒரு மரத்துண்டு மிஞ்சி, அதன் மேல் உரசிப் புகைவிடும். பிளஞ்ச் ரூட்டர் வாங்கியும் ‘இறங்கவே மாட்டேன் என்கிறது’ என்று குறைசொல்பவர்களின் பிட்டைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இன்னொரு சிறு விஷயம். ‘ஆறு நூல்’ என்று கேட்டு வாங்கும் பிளைவுட் 19 மி.மீ. இருக்காது. 18 அல்லது அதற்கும் சற்றுக் குறைவாகவே வரும். ஆகவே பலகையின் தடிமனுக்கே ஒரு பிட் தேடாமல், 12 மி.மீ. பிட்டை இரண்டு தடவை ஓட்டி, கையிலுள்ள பலகைக்குச் சரியாகக் காடியை அகலப்படுத்துங்கள்.

படி 8: முதல் காடி

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் பிட் மாட்ட வேண்டும். தண்டை அடி தட்டும்வரை உள்ளே விட்டு, பிறகு 2, 3 மி.மீ. வெளியே இழுத்து இறுக்குங்கள். அடியில் முட்டிய நிலையில் இறுக்கினால் கோலெட் சரியாகக் கவ்வாது. குறைந்தது 20 மி.மீ. தண்டு உள்ளே இருக்க வேண்டும். வேட்டி, தோள் துண்டு, தொளதொளச் சட்டை எல்லாம் வேண்டாம். கண்ணாடியும் காதடைப்பும் போடுங்கள்.

திசைதான் எல்லாரும் தடுமாறும் இடம். மேலிருந்து பார்த்தால் பிட் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. நீங்கள் ரூட்டரை உங்களிடமிருந்து முன்னால் தள்ளும்போது, அது இடப்பக்கம் ஓடப் பார்க்கும். அதனால் நேர்ச்சட்டத்தைப் பலகையில் கிளாம்ப் போட்டு அதை ஒட்டி ஓட்டுகிறீர்கள் என்றால், சட்டம் ரூட்டரின் இடப்பக்கம் இருக்க வேண்டும். பக்க வழிகாட்டி மாட்டி ஓட்டினால், வழிகாட்டி வலப்பக்கம் இருக்க வேண்டும். இரண்டிலும் ரூட்டரின் ஓட்டமே அதை ஓரத்தோடு சேர்த்து அணைத்துக்கொள்ளும். மாற்றி வைத்தால் விலகி ஓடும். பலகையின் வெளி ஓரத்தைச் சுற்றி வரும்போது இடஞ்சுழியாகவும், உள்ளே வெட்டிய திறப்பின் ஓரத்தைச் சுற்றும்போது வலஞ்சுழியாகவும் போங்கள்.

ஒரே தடவையில் ஆழத்தை எட்ட நினைக்க வேண்டாம். தேக்கு, வேங்கை போன்ற மரத்தில் கால் அங்குலத் தண்டுக்கு ஒரு தடவைக்கு 3 மி.மீ., 8 மி.மீ. தண்டுக்கு 4, 5 மி.மீ. போதும். மோட்டார் முழு வேகம் எடுத்த பிறகு இறக்குங்கள். நின்ற இடத்திலேயே நின்றால் மரம் கருகும். இறங்கியதும் நகர்த்துங்கள். காடியின் முடிவு வந்ததும் முதலில் பூட்டை விடுங்கள், பிட் அடித்தட்டுக்கு மேலே ஏறிக்கொள்ளும். பிறகு ஸ்விட்சை அணையுங்கள். சுழலும் பிட் வெளியே நீட்டியபடி ரூட்டரைத் தூக்குகிற ஆபத்தே இதில் இல்லை.

ஒரு முழு வேலை: பல்லாங்குழி

புது ரூட்டருக்கும் புதுக் கைக்கும் இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. 30 மி.மீ. தடிமனில், 530 மி.மீ. நீளப் பூவரசம் பலகை எடுத்துக்கொள்ளலாம். தேக்கும் சரிதான்.

குழிக்கு, அடி தட்டையாகவும் ஓரம் வளைவாகவும் வெட்டும் 19 மி.மீ. பவுல் பிட். அடித்தட்டில் 30 மி.மீ. கைடு புஷ். டெம்ப்ளேட்டில் துளை எவ்வளவு? குழியின் விட்டத்தோடு புஷ்ஷின் விட்டத்தைக் கூட்டி, பிட்டின் விட்டத்தைக் கழியுங்கள். 50 மி.மீ. குழிக்கு 50 + 30 - 19 = 61. அந்த அளவில் ஹோல்சா (வட்டத் துளை போடும் ரம்பம்) தேடி அலைய வேண்டாம். 60 மி.மீ. எளிதில் கிடைக்கும், குழி 49 மி.மீ. வரும்.

12 மி.மீ. பிளைவுட்டில், மையத்துக்கு மையம் 70 மி.மீ. விட்டு ஏழு துளை போடுங்கள். டெம்ப்ளேட் 250 மி.மீ. அகலமாவது இருக்கட்டும், ரூட்டரின் அடித்தட்டு முழுவதும் அதன் மேல் உட்கார வேண்டும். புஷ் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் நீளம் பிளைவுட்டின் தடிமனைவிடக் குறைவாக இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் பலகையில் இடிக்கும். பலகையோடு சேர்த்து கிளாம்ப் போடுங்கள். ஒரு வரிசை முடிந்ததும் டெம்ப்ளேட்டை நகர்த்தி அடுத்த வரிசை.

ஆழம் வைக்கும்போது டெம்ப்ளேட்டின் தடிமனைச் சேர்க்க மறக்காதீர்கள். குழி 15 மி.மீ., டெம்ப்ளேட் 12 மி.மீ., ஆகப் பிட் அடித்தட்டுக்குக் கீழே 27 மி.மீ. வர வேண்டும். மின்சாரம் இல்லாமல் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். கோலெட்டின் நட் கைடு புஷ்ஷில் முட்டி நின்றால், தண்டு நீளமான பிட் வேண்டும். தண்டைக் கோலெட்டிலிருந்து வெளியே இழுத்து நீளம் கூட்டுகிற குறுக்கு வழி கூடவே கூடாது.

மோட்டாரைப் போட்டு, துளையின் நடுவில் புஷ்ஷை வைத்து, சின்ன வட்டமாக நகர்த்திக்கொண்டே 3 மி.மீ. இறக்குங்கள். நடுவிலிருந்து சுருள் போல வெளியே வந்து, கடைசியில் துளையின் சுவரை வலஞ்சுழியாக ஒரு சுற்று. பூட்டை விட்டு ஏற்றி, தூளை உறிஞ்சி எடுத்துவிட்டு, அடுத்த 3 மி.மீ. குழிக்கு ஐந்து தடவை, 14 குழிக்கு 70 தடவை இறக்கி ஏற்ற வேண்டும். கடையில் பத்து நிமிடம் அழுத்திப் பார்த்தது எதற்காக என்று நாற்பதாவது தடவையில் உங்கள் தோளே சொல்லும்.

எல்லாக் குழியையும் ஒரே ஆழத்துக்குக் கொண்டுபோகும் முன் முதல் குழியை மட்டும் 12 மி.மீ.இல் நிறுத்தி, அதில் ஆறு புளியங்கொட்டையைப் போட்டு, விளையாடப் போகும் குழந்தையை அழைத்து ஒரே கையால் அள்ளச் சொல்லுங்கள். எல்லாம் விரலில் வந்துவிட்டால் அந்த ஆழமே போதும். கொட்டை தெறித்து வெளியே உருண்டால் இன்னும் 3 மி.மீ. இறக்குங்கள்.